47ஆம் இலக்க பஸ்ஸும் 41 உறுப்பினர்களும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான ஞாயிறு வகுப்பில் பார்சிலோனா மாநகர சபையைப் பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, விறகு பொறுக்க, கோயிலுக்குப் போக என்று உங்களுக்கு இருக்கிற ஒரே நாள். அதில் இரண்டு மணித்தியாலத்தை நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பாடசாலைக்குக் கீழே, ஆற்றின் குறுக்கே ஒரு சின்னப் பாலம் இருந்தது. போன வருட மழையில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியில் இரண்டு மரத்தைப் போட்டுப் பிள்ளைகள் கடந்து வருகிறார்கள். மழை நாளில் முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வருவதில்லை. இதைப் பற்றி ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். அது எங்களுக்குச் சேர்ந்த பாதை அல்ல, மற்றவர்களைக் கேளுங்கள் என்றார்கள். மற்ற அலுவலகத்துக்கு எழுதினோம். அவர்கள் முதல் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். கடிதங்கள் என் கோப்பில் இருக்கின்றன. பாலம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கடிதங்களை மாதர் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியபோது, எங்கள் மாதர் தலைவி ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், உலகத்துல எங்கயாச்சும் எது யார் வேலைன்னு எழுதி வச்சிருக்காங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்றைய பேச்சு அவருக்கான பதில்தான். எழுதி வைத்திருக்கிறார்கள், அக்கா. ஸ்பெயின் நாட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் சும்மா எழுதிக் கொடுக்கவும் இல்லை.

மலை மேல் ஏறிய பஸ்

பார்சிலோனா என்றால் நம் பையன்களுக்குப் பந்து விளையாட்டு ஞாபகம் வரும். கடலோரத்தில், சுமார் 100 சதுர கிலோமீட்டரில், 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிற நகரம். கடற்கரைப் பக்கம் அழகான வீதிகள், மாளிகைகள். நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு மலைச்சரிவு. அங்கே தோரே பாரோ என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது.

ஸ்பெயினின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள அந்தலூசியா, எக்ஸ்ட்ரமதுரா போன்ற பிரதேசங்களில் நிலமற்ற விவசாயக் கூலிகள் நிறைய இருந்தார்கள். பெரிய பெரிய நிலச்சுவாந்தார்களின் காடுகளில் கூலிக்கு வேலை செய்தவர்கள். 1940களிலிருந்து அவர்கள் பிழைப்புத் தேடி பார்சிலோனாவின் ஆலைகளுக்கு வந்தார்கள். இருக்க இடமில்லை. மலைச்சரிவில் தாங்களே வீடு கட்டினார்கள். பகலில் கட்டினால் பொலிஸ் வந்து இடிக்கும். அதனால் இரவோடு இரவாகக் கூட்டாகச் சேர்ந்து கட்டினார்கள். விடிவதற்குள் கூரை ஏறிவிட்டால் வீடு தப்பும். தண்ணீர் கிடையாது. கழிவு வாய்க்கால் கிடையாது. வீதி கிடையாது. இதைக் கேட்கும்போது உங்களில் பலருக்குப் பழகிய கதை மாதிரி இருக்கும்.

பக்கத்துக் குடியிருப்பான ரொக்கேட்டஸில் 1964இல் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு இறங்கி, தங்கள் வீதிக்குக் கழிவுநீர்க் குழாய்களைத் தாங்களே பதித்தார்கள். நாம் சிரமதானம் என்று சொல்வோமே, அதுதான். ஆனால் அதில் ஒரு கோபமும் இருந்தது. மாநகர சபை செய்ய வேண்டிய வேலையை நாங்கள் செய்கிறோம் பாருங்கள் என்று ஊருக்குக் காட்டினார்கள்.

தோரே பாரோவில் மானுவேல் விதால் என்றொருவர் இருந்தார். எக்ஸ்ட்ரமதுராவிலிருந்து வந்தவர். பார்சிலோனா நகர பஸ் சாரதி. தொழிற்சங்கவாதி. அவருடைய மலைக்கு பஸ் வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாதை குறுகல், ஏற்றம் அதிகம், பஸ் ஏறாது என்பதே பதில். 1978 மே 7ஆம் திகதி, விதால் தான் ஓட்டிக்கொண்டிருந்த 47ஆம் இலக்க பஸ்ஸைப் பாதையை மாற்றி நேரே மலைக்கு ஓட்டிப்போனார். பஸ் ஏறியது. ஏறாது என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. பிறகு அந்த மலைக்கு பஸ் சேவை வந்தது. 2024இல் 'எல் 47' என்ற பெயரில் இந்தச் சம்பவம் திரைப்படமாகவும் வந்தது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஒரு நாள் பஸ்ஸைக் கொண்டுபோகலாம். மறுநாளும், அடுத்த வருடமும், அந்த சாரதி ஓய்வு பெற்ற பிறகும் பஸ் வர வேண்டும் என்றால் அதற்கு ஒரு சபை வேண்டும், ஒரு சட்டம் வேண்டும், ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும். அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

துரை நியமித்த மேயர்

விதால் பஸ்ஸை ஓட்டிப்போன நாளில், பார்சிலோனாவில் மக்கள் தெரிவு செய்த மாநகர சபை இருக்கவில்லை. ஜெனரல் பிராங்கோ உள்நாட்டுப் போரில் வென்று 1939இலிருந்து 1975 நவம்பரில் சாகும்வரை நாட்டைச் சர்வாதிகாரமாக ஆண்டார். சுதந்திரமான தொழிற்சங்கங்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. அரசாங்கமே நடத்திய ஒரு சங்கம் மட்டும்தான் இருந்தது. முதலாளியும் தொழிலாளியும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். பெரிய நகரங்களின் மேயரை மேலிருந்து நியமித்தார்கள். பார்சிலோனாவில் பொர்சியோலெஸ் என்பவர் 1957இலிருந்து 1973வரை மேயராக இருந்தார். 16 வருடம். ஒரு தடவைகூட அவரை மக்கள் தெரிவு செய்யவில்லை.

நியமித்தவரிடம் கேட்பதற்கும் நாம் தெரிவு செய்தவரிடம் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. துரையிடம் கேட்கும்போது தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறோம். நாம் வாக்குப் போட்ட உறுப்பினரிடம் இடுப்பில் கை வைத்துக் கேட்கலாம். கேட்கிறோமா இல்லையா என்பது வேறு விசயம்.

1978 டிசம்பரில் புதிய அரசியலமைப்பை மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். அதன் 140ஆவது உறுப்புரை உள்ளூராட்சியின் சுயாட்சிக்கு உத்தரவாதம் தருகிறது. உறுப்பினர்களை மக்கள் இரகசிய வாக்கால் தெரிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 142ஆவது உறுப்புரை, வேலையைக் கொடுத்தால் அதற்குப் போதிய பணமும் இருக்க வேண்டும் என்கிறது. 1979 ஏப்ரல் 3ஆம் திகதி தேர்தல் நடந்தது. நர்சீஸ் செர்ரா மேயரானார். சர்வாதிகாரத்துக்குப் பிறகு பார்சிலோனாவுக்குக் கிடைத்த முதல் தெரிவு செய்யப்பட்ட மேயர் அவர்தான்.

யாருடைய பெயர் புத்தகத்தில் இருக்கிறது?

ஸ்பெயின் உள்ளூராட்சியின் அத்திவாரம் 1985ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். அந்தச் சட்டத்தில் முதலில் வருவது வாக்கும் அல்ல, வரியும் அல்ல. குடியிருப்பாளர் பதிவேடு. அதை 'பத்ரோன்' என்று அழைக்கிறார்கள்.

அந்த நாட்டில் வாழ்கிற ஒவ்வொருவரும் தான் வழக்கமாக வசிக்கிற ஊரின் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். சொந்த வீடா, வாடகை வீடா, குடிசையா என்பது கேள்வி அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்து விசா இல்லாமல் இருப்பவரையும் பதிய வேண்டும். வீடே இல்லாமல் தெருவில் படுப்பவரையும் பதிய வேண்டும். அந்தப் பதிவு வீட்டுக்கோ நிலத்துக்கோ உரிமை தராது. ஆனால் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க, மருத்துவ அட்டை எடுக்க, சமூக உதவி கேட்க அந்தப் பதிவுதான் ஆதாரம். இந்த ஊரின் ஆள் என்பதற்கு அதுவே சாட்சி. மேலும் ஒரு ஊரில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்களோ, அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த ஊர் சபைக்கு எத்தனை உறுப்பினர், அரசாங்கத்திடமிருந்து எவ்வளவு பணம் என்பதெல்லாம் தீர்மானமாகிறது. ஒரு பெயர் விடுபட்டால் நட்டம் அந்த ஆளுக்கு மட்டும் அல்ல, ஊருக்கே.

பெரட்டில் பெயர் கொடுக்காமல் விட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்று நமக்குத் தெரியும். ஊர்ப் பதிவேட்டிலும் அப்படித்தான். தன் லயத்துக்கு இலக்கமும் விலாசமும் இல்லாமல், கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து அங்கிருந்து கைமாறி வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் இந்த இடத்தை இரண்டு முறை வாசித்தேன்.

41 பேர், அவர்களில் ஒரு மேயர்

இனி சபைக்குள் போவோம். மக்கள் தொகைக்கேற்ப உறுப்பினர் எண்ணிக்கையைச் சட்டமே வகுத்திருக்கிறது. 20,001இலிருந்து 50,000வரை மக்கள் உள்ள ஊருக்கு 21 பேர். 50,001இலிருந்து ஒரு இலட்சம்வரை 25 பேர். அதற்கு மேல் ஒவ்வொரு இலட்சத்துக்கும் ஒருவர் கூடும். கூட்டினால் இரட்டை எண் வந்தால் இன்னும் ஒருவரைச் சேர்த்து ஒற்றை எண்ணாக்க வேண்டும். சமமாகப் பிரிந்து இழுபடக் கூடாது என்பதற்காக. அந்தக் கணக்கில் பார்சிலோனாவுக்கு 41 உறுப்பினர்கள். தலைநகரம் மாட்ரிட்டுக்கு 57.

தேர்தல் நாலு வருடத்துக்கு ஒரு தடவை, மே மாதம் நாலாவது ஞாயிற்றுக்கிழமை. நாள் முன்கூட்டியே நிச்சயமாகத் தெரியும். இழுத்தடிக்க வழியில்லை. நகரம் முழுவதும் ஒரே தொகுதி. கட்சிகளின் பட்டியலுக்குத்தான் வாக்கு. செல்லுபடியான வாக்கில் நூற்றுக்கு 5 கிடைக்காத பட்டியலுக்கு ஆசனம் இல்லை.

ஆசனத்தைப் பிரிக்கிற முறையைச் சின்னக் கணக்கில் காட்டுகிறேன். 5 ஆசனம் என்று வைப்போம். முதல் கட்சிக்கு 700 வாக்கு, இரண்டாவதுக்கு 450, மூன்றாவதுக்கு 150. ஒவ்வொன்றையும் 1ஆல், 2ஆல், 3ஆல் வகுங்கள். முதல் கட்சிக்கு 700, 350, 233. இரண்டாவதுக்கு 450, 225, 150. மூன்றாவதுக்கு 150, 75, 50. இதில் பெரிய ஐந்து எண்களைப் பொறுக்குங்கள். 700, 450, 350, 233, 225. முதல் கட்சிக்கு 3 ஆசனம், இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. விகிதாசாரம் என்றாலும் சிறியவர் சிதறி நின்றால் ஒன்றும் கிடைக்காது என்பதை இதில் கவனியுங்கள்.

அக்காமார் கவனிக்க இன்னொன்று. 2007ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு பட்டியலில் ஆணோ பெண்ணோ நூற்றுக்கு 40க்குக் குறையக் கூடாது. 2024இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி போய், ஆண், பெண் என்று மாறி மாறிப் பெயர் வர வேண்டும் என்கிறது. பெண்களைப் பட்டியலின் வாலில் போட்டு ஏமாற்றுகிற வேலைக்கு அங்கே இனி இடமில்லை.

மேயரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. 41 உறுப்பினர்கள் கூடி முதல் நாளிலேயே தெரிவு செய்கிறார்கள். 21 வாக்கு எடுத்தவர் மேயர். யாருக்கும் 21 கிடைக்காவிட்டால், தேர்தலில் அதிக வாக்கு எடுத்த பட்டியலின் முதல் ஆள் தானாகவே மேயராவார். கதிரை காலியாகக் கிடக்காது.

2023இல் நடந்ததைப் பாருங்கள். ஷாவியர் திரியாஸின் பட்டியல் 11 ஆசனத்தோடு முதலிடம். சோசலிஸ்ட் கட்சியின் ஜவ்மே கொல்போனிக்கு 10. அடா கொலாவின் அணிக்கு 9. மற்றவர்களுக்கு 5, 4, 2. முதலிடம் வந்தவர் மேயராகவில்லை. கொல்போனியின் 10, கொலாவின் 9, வலதுசாரிக் கட்சி ஒன்றின் 4 சேர்ந்து 23 வாக்கில் கொல்போனி மேயரானார். இது நியாயமா என்று அங்கேயும் சண்டை பிடித்தார்கள். ஆனால் விதி தேர்தலுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விதி.

இந்த அடா கொலாவ் யார் என்றும் சொல்ல வேண்டும். வங்கிக் கடன் கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்களுக்காகப் போராடிய இயக்கத்தின் பேச்சாளராக இருந்தவர். வீட்டை விட்டு வெளியேற்ற வரும்போது வாசலில் உட்கார்ந்து மறித்தவர்களில் ஒருவர். 2015இல் அவர் பார்சிலோனாவின் மேயரானார். அந்த நகரத்தின் முதல் பெண் மேயர். 2023வரை இருந்தார்.

மேயருக்குக் கடிவாளம்

மேயர் தன் உறுப்பினர்களிலிருந்து துணை மேயர்களை நியமித்து, ஒரு நிர்வாகக் குழு அமைத்து வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார். வீட்டு வசதி ஒருவருக்கு, போக்குவரத்து ஒருவருக்கு என்று. அதற்கு மேல் முழுச் சபை இருக்கிறது. வரவு செலவுத் திட்டம், நகரத் திட்டம், சபையின் சட்டவிதிகள் எல்லாம் அங்கேதான் நிறைவேற வேண்டும். முழுச் சபைக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. எவரும் போய் உட்கார்ந்து, தன் உறுப்பினர் கை தூக்கினாரா, தூங்கினாரா என்று பார்க்கலாம்.

மேயர் சரியில்லை என்றால் 21 உறுப்பினர்கள் கையெழுத்திட்டு நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவரலாம். ஆனால் அந்தப் பிரேரணையிலேயே அடுத்த மேயர் யார் என்ற பெயரும் இருக்க வேண்டும். இறக்குவதற்கு மட்டும் ஒன்றுசேர்ந்து, பிறகு ஏற்றுவதற்கு ஆளில்லாமல் நிற்கக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 10 உறுப்பினரை வைத்துக்கொண்டு மேயர் எப்படி வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது? சபை அதை நிராகரித்தால், மேயர் அதைத் தன் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றலாம். அதில் தோற்றாலும், எதிர்க்கட்சிகள் ஒரு மாதத்துக்குள் இன்னொரு மேயரைச் சேர்ந்து முன்மொழியாவிட்டால், திட்டம் நிறைவேறியதாகக் கணக்கு. 2024இல் கொல்போனி இந்த வழியைத்தான் பாவித்தார். இது சட்டம்தான். ஆனால் பெரும்பான்மை வேண்டாம் என்று சொன்ன திட்டம் நிறைவேறுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மேயருக்கு உண்மையான கடிவாளம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. சபையின் செயலாளர், கணக்குப் பரிசோதகர் போன்ற உயர் அதிகாரிகள் தேசிய மட்டப் பரீட்சையில் தேறி வந்தவர்கள். மேயர் தன் மச்சானைக் கொண்டுவந்து அந்தக் கதிரையில் உட்கார்த்த முடியாது. ஒரு செலவு சட்டப்படி இல்லை என்று பரிசோதகர் எழுத்தில் ஆட்சேபித்தால், அது தீரும்வரை அந்தக் கொடுப்பனவு நிற்கும். இவை போதாதென்று, சபையின் மீது குறை கேட்கத் தனியாக ஒரு மக்கள் குறைகேள் அதிகாரியும் பார்சிலோனாவுக்கு உண்டு.

சபை மலைக்கு வருவது

16 இலட்சம் பேருக்கு ஒரே கட்டடத்தில் இருந்து வேலை செய்ய முடியாது. 1984இல் நகரத்தை 10 பிரிவுகளாகப் பிரித்தார்கள். அவற்றுக்குள் இப்போது 73 குடியிருப்புப் பகுதிகள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு அலுவலகம், 41 உறுப்பினர்களில் மேயர் பொறுப்பாக நியமிக்கும் ஒருவர், அதோடு 15 பேர் கொண்ட பிரிவுச் சபை. அந்தப் 15 பேரையும் தனித் தேர்தலில் தெரிவு செய்வதில்லை. மாநகரத் தேர்தலில் அந்தப் பிரிவில் கட்சிகள் எடுத்த வாக்கை வைத்துப் பங்கிடுகிறார்கள். குடியிருப்புப் பகுதிகளில் மக்கள் நேரே வந்து பேசுகிற சபைகளும் நடக்கின்றன.

நம்முடைய தோரே பாரோவும் ரொக்கேட்டஸும் நௌ பர்ரிஸ் என்ற பிரிவில் இருக்கின்றன. அந்தப் பெயருக்கு ஒன்பது குடியிருப்புகள் என்று பொருள். இன்று 13 பகுதிகள், சுமார் 1,70,000 மக்கள். 1977 ஜனவரியில் அந்த மக்கள், வீடுகளுக்கு நடுவே புகை கக்கிக்கொண்டிருந்த தார் ஆலை ஒன்றுக்குள் புகுந்து அதைக் கைப்பற்றினார்கள். அந்த இடம் இன்று மக்கள் கலைக்கூடமாக இருக்கிறது. கட்டடம் மாநகர சபையுடையது. நடத்துவது மக்கள் சங்கம்.

எது யார் வேலை?

இனி எங்கள் மாதர் தலைவியின் கேள்வி. 1985ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 26ஆவது பிரிவு. எல்லாச் சபைகளும் கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகள் எவை என்று அதில் வரிசையாக இருக்கிறது. தெரு விளக்கு. மயானம். குப்பை அகற்றல். வீதி துப்புரவு. வீட்டுக்குக் குடிநீர். கழிவுநீர் வாய்க்கால். குடியிருப்புகளுக்குப் போகும் பாதை. வீதிக்குக் கல் பரப்புதல். நூறு பேர் உள்ள கிராமமாக இருந்தாலும் இவை வேண்டும்.

5,000 பேருக்கு மேற்பட்டால் பூங்காவும் நூலகமும் சேரும். 20,000க்கு மேல் தீயணைப்பு, சமூக சேவை, விளையாட்டு மைதானம். 50,000க்கு மேல் பொதுப் போக்குவரத்து. விதால் கேட்ட பஸ் இன்று இந்த வரியில் இருக்கிறது.

இன்னொரு வரி அதைவிட முக்கியம். அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு குடியிருப்பாளரின் உரிமைகளைச் சொல்கிறது. கட்டாயப் பட்டியலில் உள்ள ஒரு சேவை தன் ஊரில் இல்லை என்றால், அதைத் தரும்படி கோரும் உரிமை ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் உண்டு. கெஞ்சிக் கேட்பதல்ல. தேர்தல் காலத்தில் தகரமும் சீமெந்தும் வாங்குவதல்ல. உரிமையோடு கோருவது.

எல்லா வேலையும் சபையின் கையில் இல்லை. ஆஸ்பத்திரிகளும் ஆசிரியர் சம்பளமும் பெரும்பாலும் கட்டலோனியா மாகாண அரசின் பொறுப்பு. பஸ்ஸும் மெட்ரோவும் அயல் நகரங்களோடு சேர்ந்து நடத்தப்படுகின்றன. நகரத்துக்குச் சொந்தப் பொலிஸ் உண்டு, ஆனால் பெரிய குற்றங்களை விசாரிப்பது மாகாணப் பொலிஸ். எது யாருடையது என்பது தெரிந்தால்தான் சரியான கதவைத் தட்டலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது? வீடு நிலத்துக்கான வரி, வியாபார வரி, வாகன வரி, கட்டட வேலைக்கான வரி, அதோடு மத்திய அரசின் வரிகளில் ஒரு பங்கு. பார்சிலோனாவின் வருடச் செலவு 300 கோடி யூரோவுக்கு மேல். வரவு செலவுத் திட்டத்தைச் சபை முதலில் ஏற்ற பிறகு, 15 வேலை நாட்களுக்கு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த நாட்களில் குடியிருப்பாளர் ஆட்சேபம் எழுதலாம். சபை அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் முடிவாக நிறைவேற்றலாம்.

அங்கேயும் குறை உண்டு

வெள்ளைக்காரன் நாடு சொர்க்கம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. தோரே பாரோவுக்கு 2003இல் மெட்ரோவும் வந்தது. ஆனாலும் இன்றுவரை நகரத்தின் ஏழைப் பகுதிகளில் அதுவும் ஒன்று. பக்கத்து சியுதாத் மெரிதியானாவில் வாடகை கட்ட முடியாமல் வெளியேற்றப்படுகிறவர்கள் ஏராளம். கடற்கரைப் பக்கம் வீடுகளை உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டதால் ஊர்க்காரருக்கு வீடு கிடைப்பதில்லை. 2028 நவம்பருக்குள் இப்படியான 10,101 வீடுகளின் அனுமதியை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024இல் மேயர் அறிவித்தார். அது நடக்கிறதா என்று அந்த மக்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் இருந்தால் போதாது. அதைப் பிடித்து உலுக்க ஆள் வேண்டும். அந்த நகரத்தின் குடியிருப்பாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இன்றும் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

நம் பக்கம் ஒரு வார்த்தை மட்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்கு கேட்க வருவார்கள், வேலை கேட்டால் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தமும் நம் மக்கள் நெடுங்காலம் கேட்டுக் கேட்டு வந்ததுதான். ஆனால் திருத்தம் வந்தது எத்தனை லயத்துக்குத் தெரியும்? என் கையில் இருக்கிற கடிதத்தை எழுதியவருக்காவது தெரியுமா?

ஆகவே நாளை மறுநாள் நானும் எங்கள் மாதர் தலைவியும் பெற்றோர் இரண்டு பேரும் மறுபடி போகிறோம். இந்த முறை பாலம் கட்டித் தாருங்கள் என்ற கடிதம் இல்லை. இரண்டு கேள்விகள். அந்தப் பாதை யாருடைய இடாப்பில் இருக்கிறது? இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் எங்கள் பிரிவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எழுத்தில் பதில் கேட்டு விண்ணப்பம் கொடுக்கப் போகிறோம். இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில், ஒரே கேள்வி.

நீங்களும் உங்கள் தோட்டத்துக்குத் திரும்பியதும் ஒரு காகிதத்தை எடுங்கள். இடது பக்கம் தண்ணீர், பாதை, குப்பை, விளக்கு, மயானம், பிள்ளைக்காம்பிரா என்று எழுதுங்கள். வலது பக்கம் இது யார் வேலை என்று எழுதுங்கள். எழுத முடியாமல் எங்கே பேனா நிற்கிறதோ, அங்கேதான் நம் அடுத்த கமிட்டிக் கூட்டம் தொடங்க வேண்டும். அடுத்த மாத வகுப்புக்கு அந்தக் காகிதத்தோடு வாருங்கள்.

பஸ் ஏறாது என்றவர்களுக்கு விதால் பஸ்ஸை ஏற்றிக் காட்டினார். நம்மிடம் பஸ் இல்லை. கடிதம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, மழை நாளில் வீட்டில் நின்றுவிடுகிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மழையிலும் பள்ளிக்கூடம் வரும்வரை நானும் அந்த அலுவலகப் படிகளில் ஏறிக்கொண்டே இருப்பேன்.

தேத்தண்ணி வந்துவிட்டது. குடித்துக்கொண்டே கேள்விகளைக் கேளுங்கள்.